கம்பளிக்கும் சேர்த்துப் போட்ட எடை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், பருமனானவர்களைச் சற்று வெட்கப்பட வைத்தால்தான் வாயைக் கட்டுவார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருந்தது. எழுதியவர் மருத்துவர், தாங்களும் படித்துப் பார்த்தே அச்சுக்கு அனுப்பியிருப்பீர்கள். வெட்கத்தால் உடம்பு இளைக்கும் என்றால், ஆசிரியர் அவர்களே, நான் இந்நேரம் கோடநாட்டுக் காற்றில் பறந்து போயிருக்க வேண்டும்.

நான் கோத்தகிரியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். பணியின் கடைசி நான்கு ஆண்டுகள், காலையில் எழவே முடியாத அசதி. முகம் ஊதியது, முடி கொட்டியது, கடைசி வரிசைக்கு எட்டாதபடி குரல் கரகரத்துப் போனது. குளிர் தாங்கவில்லை என்று சொன்னால், மார்கழிக் கோத்தகிரியில் யாருக்குத்தான் தாங்குகிறது என்று சிரித்தார்கள். மூன்று மருத்துவர்களைப் பார்த்தேன். ஒருவர்கூட என் கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. எடையைப் பார்த்தார்கள், நடங்கள் என்றார்கள். சாலையிலிருந்து 64 படிகள் இறங்கினால்தான் என் வீடு. அதை நாள்தோறும் இரண்டு முறை ஏறி இறங்குகிறவளிடம் வேறு எங்கே போய் நடக்கச் சொல்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் மேட்டுப்பாளையத்தில் ஓர் இளம் மருத்துவர், நான் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். கழுத்தில் இருக்கும் தைராய்டின் சுரப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. அசதி, குளிர் தாங்காமை, குரல் மாற்றம் எல்லாம் அதன் அறிகுறிகள். எடை கூடுவதும் அவற்றில் ஒன்று. மற்ற மூவருக்கும் அந்த ஒன்று மட்டும் கண்ணில் பட்டது, அதுவும் என் குற்றமாக.

அந்த எடையையாவது ஒழுங்காகப் போட்டார்களா? எடை பார்க்கும் கருவி, புறநோயாளிகள் வரிசையின் நடுவில், வாசலுக்கு நேரே இருந்தது. கம்பளிச் சட்டை, சால்வை, ஷூ எல்லாவற்றோடும் ஏறினேன். எதையும் கழற்றச் சொல்லவில்லை. செவிலியர் எட்டிப் பார்த்து, எதிர்மூலையில் எழுதிக்கொண்டிருந்தவருக்குக் கேட்கும்படி "எண்பத்தெட்டு" என்றார். வரிசையில் என்னிடம் படித்த பிள்ளைகள் இருவர் நின்றிருந்தார்கள். எங்கள் ஊரில் பச்சைத் தேயிலைக்கு எடை போடுகிறவர்கள்கூடச் சாக்கின் எடையைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு எழுதுவார்கள். (ஈரம் என்று சொல்லி மேலும் ஒரு கிலோவைக் கழிப்பது வேறு கதை.)

என் அக்காவின் நிலை இதைவிட மோசம். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை அவருடைய கையைச் சுற்றி ஒட்டாது, பிய்த்துக்கொள்ளும். அழுத்திப் பிடித்துக்கொண்டு காற்றடிப்பார்கள். சிறிய பட்டையால் பருத்த கையை அளந்தால், உள்ளதைவிட அழுத்தம் கூடுதலாகக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கு வழக்கமான பட்டையைக் கட்டினால், மேல் அளவு ஏறத்தாழ 20 புள்ளி ஏறிவிடுகிறது என்று 2023-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. பட்டை போதவில்லை என்று யாரும் சொன்னதில்லை. கை பெருத்துவிட்டது என்றே சொன்னார்கள். பிறகு அக்கா மருத்துவமனைப் பக்கமே போகவில்லை. ஆறு மாதம் விடாத உதிரப்போக்கை, போனால் முதலில் எடையைக் குறைக்கத்தான் சொல்வார்கள் என்று என்னிடம்கூட மறைத்து வைத்திருந்தார். குன்னூருக்கு இழுத்துக்கொண்டு போனபோது ஹீமோகுளோபின் 6, கடுமையான ரத்தசோகை. தங்கள் மருத்துவர் பரிந்துரைத்த வெட்கம் இந்த வேலையைத்தான் செய்தது.

எடை கூடினால் சர்க்கரை நோயும் மூட்டுவலியும் வர வாய்ப்பு அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் பி.எம்.ஐ. என்பது 1830-களில் பெல்ஜிய நாட்டு வானியலாளர் குவெட்லெட், மக்கள் கூட்டத்தின் சராசரியை அறியப் போட்ட கணக்கு என்பதும், அதை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என 2025 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு சொன்னதும், பருமனை இழிவுபடுத்துவது உடலையும் மனத்தையும் கெடுத்துச் சிகிச்சைக்கும் தடையாகிறது என்று 2020-இலேயே பல நாட்டு மருத்துவ அமைப்புகள் நேச்சர் மெடிசின் இதழில் கூட்டறிக்கை வெளியிட்டதும் தாங்கள் அறியாதவை அல்லவே!

அறிந்தும் அந்த வரியை விட்டுவைத்தது ஏன் என்று கேட்க எனக்குத் தகுதியில்லை. பூரிக்கட்டை ஏந்திய குண்டு மனைவியை நகைச்சுவைப் பக்கத்தில் எத்தனை ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்! 2014-இல் அதுபற்றி எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை, தபாலில் தொலைந்திருக்கும். நாற்காலி தாங்குமா என்று கேட்கும் சிரிப்புத் துணுக்கைச் சென்ற இதழில் மருத்துவப் பகுதிக்கு எதிர்ப்பக்கத்திலேயே போட்டிருந்தீர்கள். இரண்டையும் ஒரே சமயத்தில் படிக்க வசதியாக இருந்தது; நன்றி.

நான் கேட்பது சிறியதுதான். அடுத்த இதழில் ஒரு மூலையில், ரத்த அழுத்தம் பார்க்கும்போது பெரிய பட்டை கேட்கலாம், எடை பார்க்குமுன் கம்பளியைக் கழற்றலாம், எடையைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம் என மூன்று வரி போடுங்கள். இடம் இல்லையென்றால் அந்தத் துணுக்கின் இடம் போதும்.

கடிதம் நீளம் என்றால் குறைத்துக்கொள்ளுங்கள்; அக்காவைப் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துவிட வேண்டாம். என் பெயரை வெளியிட வேண்டாம். வரிசையில் நின்ற அந்தப் பிள்ளைகள் தங்கள் இதழைப் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கோத்தகிரி.