செயலாளரின் ஆண்டறிக்கை: மலை ஓடுதளங்களைப் படித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரியிலிருந்து வந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பேரவையின் முடிவுப்படி, நம் வானூர்தி ஆர்வலர் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் இவ்வாண்டு முழுவதும் மலைகளுக்கிடையே அமைந்த சிறு ஓடுதளங்களில் சிறிய விமானங்களை இறக்குவது குறித்தே நடத்தப்பட்டன. அருகிலுள்ள பேளகொண்டப்பள்ளியில் தனியார் விமானதளம் இருக்கையில் நேபாளத்தைப் பற்றி நாம் ஏன் படிக்க வேண்டும் என்று சில உறுப்பினர்கள் கேட்டனர். முதல் கூட்டத்திலேயே அதற்கு விடை கிடைத்தது.

காற்று சூடேறி அடர்த்தி குறையும்போது, என்ஜினின் திறனும் புரொப்பெல்லரின் இழுவையும் குறைந்து, விமானம் தான் இருக்கும் உயரத்தைவிட வெகு மேலே இருப்பதுபோல் நடந்துகொள்கிறது. இதையே 'அடர்த்தி உயரம்' என்கிறோம். ஓசூர் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்துக்கு விமானக் கணக்கில் கொள்ளப்படும் வெப்பநிலை 9 டிகிரி. சித்திரை மாதப் பிற்பகலில் 35 டிகிரி அடிக்கிறது என்று வைத்து, மிகுதியாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி கூட்டினால், விடை 6,000 அடியைத் தாண்டிவிடுகிறது. ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியரான நம் துணைத் தலைவர் இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய பின் அந்தக் கேள்வி மீண்டும் எழவில்லை.

ஆண்டின் சிறந்த கூட்டம் நேபாளத்தின் லுக்லாவைப் பற்றியது என்பது என் கருத்து. எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியால் 1964இல் அமைக்கப்பட்ட அந்த ஓடுதளம் 2,800 மீட்டருக்கும் மேலான உயரத்தில், 527 மீட்டர் நீளமும் 11.7 விழுக்காடு சரிவும் கொண்டது. இச்சரிவை உணர்த்த 10 அடிப் பலகை ஒன்றின் ஒரு முனையை 14 அங்குலம் உயர்த்தி வைத்து, தாழ்ந்த முனைக்கு நேரே முக்காலியில் அமர்ந்து உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் பார்த்தனர். மேல்நோக்கிச் சரிந்த தளத்தை நெருங்கும் விமானி, தான் அதிக உயரத்தில் இருப்பதாக மயங்கித் தாழப் பறந்துவிடக்கூடும் என்பது அப்போதுதான் பலருக்கு விளங்கியது. அங்கே ஏற்றத்தை நோக்கி இறங்க வேண்டும், இறக்கத்தை நோக்கிக் கிளம்ப வேண்டும். தளத்தின் மேல் முனைக்கு அப்பால் மலை நிற்பதால், ஓரிடத்தைக் கடந்த பின் மீண்டும் மேலெழுந்து சுற்றி வர வழியில்லை. ஆகவே இறங்குவதா திரும்புவதா என்பதைத் திரும்ப இடம் இருக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். அலைபேசியில் நாம் விரும்பிப் பார்க்கும் சாகசக் காணொளிகளில் சக்கரம் தரையைத் தொடும் நொடி மட்டுமே இருக்கிறது, இந்த முடிவு இருப்பதில்லை.

இதே நியதி பள்ளத்தாக்குக்கும் பொருந்தும். நடுவே பறந்தால் திரும்புவதற்குப் பாதி அகலமே மிஞ்சும் என்பதால், விமானிகள் ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் பறக்கின்றனர். மேலும் உயரே செல்லச் செல்ல, வேகமானி காட்டும் எண் மாறாவிட்டாலும் விமானத்தின் மெய்வேகம் கூடுகிறது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பத் திருப்பத்தின் ஆரமும் விரிகிறது. பிற்பகலில் மலைக்காற்றும் மேகமும் கூடுவதால் காலைப் பொழுதே இத்தகைய பயணத்துக்கு உகந்தது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட காட்டுப்பகுதிக்குள் ஏற்கெனவே இருந்த ஓடுதளங்கள் தொடர அதே சட்டம் இடம் கொடுத்தது குறித்தும் பேசப்பட்டது. காட்டுக்குள் விமானம் தேவையா என்று அஞ்செட்டி உறுப்பினர்கள் எழுப்பிய வாதம் இன்னும் முடியவில்லை. முடிய வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை.

மழைக்காலக் கூட்டங்களுக்கு வருகை குறைவு. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார். நூலகத்திலிருந்து எடுத்த வரைபடங்களை வைத்திருப்போர் திருப்பித் தர வேண்டுகிறேன்.

அசாமின் டிப்ரூகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்கு 2022 ஏப்ரலில் டோர்னியர் 228 என்னும் சிறு விமானத்தின் சேவை தொடங்கியதை ஒட்டி, அருணாசலத்தின் மலைத் தளங்களை வரும் ஆண்டின் பொருளாக எடுத்துக்கொள்ளலாம் எனச் செயற்குழு பரிந்துரைக்கிறது. அப்பரிந்துரையோடு இவ்வறிக்கையையும் பேரவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்