பலகைப் போர் விளையாட்டு மன்றம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

மாதத்தின் இரண்டாம், நான்காம் ஞாயிறுகளில் வழக்கம்போல் மாடி ஹாலில் கூடினோம். மழையால் இரண்டு கூட்டங்கள் நடக்கவில்லை. செயற்குழு மூன்று முறை கூடியது. புதியவர்களுக்கான பயிற்சி நாளில் 1964-இல் வந்த 'ஆஃப்ரிகா கோர்' ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தோம், ஏழு பேர் வந்தார்கள். ஆயுத பூஜையன்று ஆட்டப் பெட்டிகளுக்குப் பொட்டு வைத்துச் சுண்டல் கொடுத்தோம்.

இனி நம் பெரிய ஆட்டம். ரிச்சர்ட் பெர்க் வடிவமைத்து எஸ்பிஐ (SPI) என்ற அமெரிக்க ஆட்ட நிறுவனம் 1979-இல் வெளியிட்ட 'தி கேம்பெய்ன் ஃபார் நார்த் ஆஃப்ரிகா'. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் தரப்பும் இத்தாலி–ஜெர்மனித் தரப்பும் மோதியதை, படைப்பிரிவுகளைக் காய்களாக வைத்து வரைபடத்தின்மேல் ஆடுவது இது. வரைபடம் சுமார் பத்தடி நீளம். முழுதாக ஆடி முடிக்க 1,500 மணி நேரம் ஆகும் என்பார்கள். இதைத் தொடங்கலாம் என்று முன்மொழிந்தவன் நான். அதனால் எங்கே நிற்கிறது என்று சொல்ல வேண்டியவனும் நான்தான். இந்த ஆண்டு பன்னிரண்டு சுற்று முடிப்போம் என்றேன், ஆறுதான் முடிந்தது.

சப்ளைக் கணக்கு பார்ப்பதிலேயே பொழுது போய்விடுகிறது என்று சிலர் காரணம் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்தக் கணக்குதான் இந்த ஆட்டமே. மற்ற ஆட்டங்களில் காயிலிருந்து சப்ளைத் தளம் வரை எதிரி மறிக்காத வழி இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தால் சப்ளை முடிந்தது. இதில் பெட்ரோல், வெடிமருந்து, உணவு, தண்ணீர் எல்லாம் தனித்தனிப் பற்றுவரவு. பெட்ரோல் சுற்றுக்கு 3 சதவீதம் ஆவியாகும். பிரிட்டிஷாருக்கு அவர்களுடைய பெட்ரோல் டின்களின் லட்சணத்தால் 7 சதவீதம். இத்தாலியப் படைக்குப் பாஸ்தா வேகவைக்கத் தனியாகத் தண்ணீர் தர வேண்டும். இதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் கிடைக்காத பட்டாலியன் அந்தச் சுற்றில் விதி தனக்குத் தரும் அளவுக்கு மேல் நகர முடியாமல் நின்றுவிடும்.

நவம்பர் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆட்டத்தில் 1940 டிசம்பர். எகிப்தின் சிதி பர்ரானியில் பிரிட்டிஷ் தரப்பின் நான்காவது இந்திய டிவிஷன் இத்தாலிய முகாம்களை உடைத்துவிட்டது. திருப்பித் தாக்க இத்தாலியத் தரப்புக்குக் காய்கள் இருந்தன. ஆனால் சப்ளை வர வேண்டிய லிபியாவில் திரிபோலியிலிருந்து பெங்காசி வரையே ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர், ஒரே கடலோரச் சாலை; லாரி சுமந்து வரும் பெட்ரோலில் ஒரு பங்கை லாரியே குடித்துவிடும். கால்குலேட்டரில் நான்கு முறை கூட்டிப் பார்த்தோம். முன்களத் தளபதியாக இருந்தவர் பகடையைக் கையில் உருட்டிக்கொண்டே ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அதை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு, "பின்வாங்குகிறோம், எழுதிக்கோங்க சார்" என்றார். நான் பதினெட்டு ஆண்டுகளாக இந்த விளையாட்டில் இருக்கிறேன். ஒரு தளபதியின் கை எப்படிக் கட்டப்படுகிறது என்பதை இவ்வளவு பக்கத்தில் பார்த்தது அன்றுதான்.

ஆட்டம் தாமதமானதற்கு உண்மைக் காரணம் வருகைதான். ஒரு தரப்புக்கு ஐந்து பேர் வேண்டும்: தலைமைத் தளபதி, முன்களம், விமானப்படை, பின்களம், தளவாடம். முன்களத்துக்கு எப்போதும் ஆள் உண்டு. பின்களமும் தளவாடமும்தான் காலியாகக் கிடக்கின்றன. பதினொரு அமர்வுகளில் பத்துப் பேரும் இருந்தது மூன்றே நாள். மற்ற நாட்களில் இரு தரப்புப் பேரேட்டையும் நானே எழுதினேன். இரண்டு பக்கக் கையிருப்பும் ஒரே ஆளுக்குத் தெரிவது ஆட்டத்துக்கு நல்லதல்ல. வர முடியாதவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் ஒரு வரி சொன்னால் போதும். காலை பத்து மணிக்கு ஃபேனை நிறுத்தி, மேசையைத் திறந்து வைத்த பிறகு தகவல் வந்தால் என்ன செய்வது?

ஃபேன் என்றதும் மே மாதம் நடந்ததையும் பதிவு செய்கிறேன். புழுக்கம் தாங்காமல் யாரோ சுவிட்சைப் போட, நாற்பதுக்கு மேற்பட்ட காய்கள் பறந்தன. கைப்பேசிப் படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக அடுக்க மாலை ஆகிவிட்டது. அதற்குப் பிறகுதான் அக்ரிலிக் தகடு வாங்கினோம். இது ஆடம்பரச் செலவு அல்ல.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறையச் சமம், விவரம் பொருளாளரிடம் பார்த்துக்கொள்ளலாம். வாடகை, தகடு, வெளிநாட்டு ஆட்டம் ஒன்றுக்குக் கட்டிய சுங்க வரி ஆகியவை முக்கியச் செலவுகள். இருபத்து நான்கு உறுப்பினர்களில் பதின்மூன்று பேர் சந்தா கட்டியிருக்கிறார்கள். தகட்டுக்கு நான் கைக்காசு போட்டேன். மற்றவர்களின் சந்தா வந்த பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

ஹால் தந்து உதவும் வீட்டு உரிமையாளருக்கும், தேநீர் பொறுப்பை ஏற்றவர்களுக்கும், தலைவர், பொருளாளர், தணிக்கையாளருக்கும் மன்றத்தின் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒன்று. ஆட்டத்தில் 1941 ஜனவரி பிறந்துவிட்டது. பிப்ரவரி வந்தால் ஜெர்மன் தளபதி ரோம்மல் திரிபோலியில் இறங்குவார். ஜெர்மன் டாங்கிகளும் லாரிகளும் சேர்ந்தால் அச்சு நாடுகளின் (இத்தாலி–ஜெர்மனித் தரப்பின்) பேரேடு இரட்டிப்பாகும், என் ஒருவனால் முடியாது. கணக்கில் பெரிய புலமை வேண்டாம். கூட்டல் கழித்தலும் நான்காம் ஞாயிறுகளில் வந்து உட்காரும் மனமும் போதும். சப்ளை விதிகளைத் தமிழில் பதினோரு பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். தளவாட நாற்காலியில் உட்கார விரும்புகிறவர் இன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

செயலாளர்