அம்பயர் பரீட்சை எழுதப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "இத்தனை வருஷம் பந்து போட்ட பிள்ளை, இனிமேல் அடுத்தவங்க தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கப் போறாளா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீயும் போனில் கிட்டத்தட்ட அப்படித்தான் பேசினாய். முழங்கால் போய்விட்டது, வேறு வழியில்லை, அதனால் அம்பயர் பரீட்சை எழுதிப் பார்க்கிறேன் என்றாய். அந்த 'வேறு வழியில்லை'தான் எனக்குச் சரியாகப் படவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம்ம ஊர் வெங்கடராகவனையே எடுத்துக்கொள். உன் வயதுக்காரர்களுக்கு அவர் பழைய அம்பயர். என் வயதுக்காரர்களுக்கு அவர் ஆஃப் ஸ்பின்னர், சேப்பாக்கம் காலரியில் வெயிலில் உட்கார்ந்து நாங்கள் பார்த்த வெங்கட். கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் பையன். 1965ல் இருபது வயது நிறையும் முன்பே நியூசிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடி, டெல்லியில் ஒரே இன்னிங்ஸில் 72 ரன் கொடுத்து 8 விக்கெட் எடுத்தார். அந்த மேட்ச்சில் மொத்தம் 12. 1971ல் வெஸ்ட் இண்டீஸிலும் இங்கிலாந்திலும் முதல்முறையாக நாம் தொடரை ஜெயித்தபோது வடேகருக்கு வைஸ் கேப்டன். 1975, 1979 என இரண்டு உலகக் கோப்பைகளில் கேப்டன்.

இதெல்லாம் பெருமை. ஆனால் அவர் பட்டதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அணியில் பெரும்பாலும் ஒரு ஆஃப் ஸ்பின்னருக்குத்தான் இடம், அந்த இடத்துக்குப் பிரசன்னாவும் இருந்தார். வேறு எந்தக் காலத்தில் பிறந்திருந்தாலும் வெங்கட்டை யாரும் அசைத்திருக்க முடியாது என்பது என் அபிப்பிராயம். 1974 டிசம்பரில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக டெல்லி டெஸ்டில் அவர் கேப்டன். அடுத்த டெஸ்டில் பன்னிரண்டாவது ஆள்! 1979ல் இங்கிலாந்து சுற்றுப்பயணம், ஓவல் டெஸ்டில் 438 ரன் இலக்கை நோக்கி 429 வரை போனோமே, அந்த அணிக்கும் அவர்தான் கேப்டன். ஊர் திரும்புகிற விமானத்திலேயே, இனி கவாஸ்கர்தான் கேப்டன் என்று பைலட் அறிவித்தார். அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டியிருந்தது. உன்னை ஸ்டேட் டீமில் இருந்து எடுத்தபோது பட்டியலைப் பார்த்துத்தான் உனக்கே தெரிந்தது என்று அழுதாயே, அன்றைக்கு எனக்கு இந்த விமானம்தான் ஞாபகம் வந்தது.

1983ல் அவர் டெஸ்ட் ஆட்டம் முடிந்தது. 57 டெஸ்ட், 156 விக்கெட். அதோடு நிர்வாகம், கமிட்டி என்று கௌரவமாக இருந்துவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் 1993 ஜனவரியில், 47 வயதில், இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடிய ஒருநாள் போட்டியில் அம்பயராக நின்றார். அதே மாதம் கல்கத்தா டெஸ்ட். இந்திய அணியின் மேனேஜர் யார் தெரியுமா? வடேகர். தன் பழைய கேப்டன் பெவிலியனில் இருந்து பார்க்க, சொந்த நாட்டு பேட்ஸ்மேனுக்கு அவுட் என்று விரலைத் தூக்க வேண்டும் அல்லது தூக்காமல் நிற்க வேண்டும். எவ்வளவு பெரிய பாரம், யோசித்துப் பார்.

உள்ளூர் அம்பயர் சொந்த அணிக்குச் சாய்வார் என்று உலகம் முழுக்கச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. அதனால்தான் 1994ல் டெஸ்டுக்கு ஒரு அம்பயர் மூன்றாவது நாட்டில் இருந்து வர வேண்டும் என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி ஒரு அம்பயர் குழுவை அமைத்தது. முதல் பட்டியலிலேயே வெங்கட் இருந்தார். 2002ல் உயர்மட்ட அம்பயர்களுக்கான எலீட் பேனல் வந்தபோது அதிலும் இருந்தார். 2004ல் ஓய்வு பெறும்போது 73 டெஸ்டுகளில் நின்றிருந்தார். ஆடியதைவிட அதிகம், பார்த்தாயா? அவருக்கு அது மிச்சம் மீதி வேலையாக இருந்திருந்தால் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் மோதுகிற ஆஷஸில் நிற்கக் கூப்பிட்டிருப்பார்களா?

சரி, ஆடினவர்களுக்கு இந்த வேலை சுலபமா என்றால், பாதி சுலபம், பாதி கஷ்டம். நீயும் ஆஃப் ஸ்பின் போட்டவள். ஓவர் த விக்கெட் வந்து போடும்போது பேடில் பட்டதுமே எல்பிடபிள்யூ அவுட் கேட்டுத் தொண்டை கிழியக் கத்துவாய். அதில் பாதி பந்து லெக் ஸ்டம்பைத் தாண்டிப் போகிற பந்து என்று உனக்கே தெரியும், இருந்தாலும் கத்துவாய். பவுலர் வேலை அது. இப்போது அதே பந்தை ஸ்டம்புக்குப் பின்னால் இருந்து பார்க்க வேண்டும். முதலில் பவுலரின் முன்கால் கிரீஸைத் தாண்டியதா என்று கீழே பார்க்கணும். உடனே கண்ணைத் தூக்கி, பந்து எங்கே குத்தியது, பேடில் எங்கே பட்டது, திரும்புகிற பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா என்று மூன்றையும் பிடிக்கணும். நடுவில் பேட்டில் உரசின சத்தம் வந்ததா என்று காதும் வேலை செய்யணும். இவ்வளவும் கண் இமைக்கிற நேரத்தில். டெஸ்டில் ஒரு நாளுக்கு 90 ஓவர் என்றால் 540 பந்து. அதில் பாதி உன் முனையில். மீதிப் பாதிக்கு ஸ்கொயர் லெக்கில் நின்று ரன் அவுட்டும் ஸ்டம்பிங்கும் பார்க்கணும். டெஸ்டில் இப்போது முன்கால் நோ பாலை மூன்றாவது அம்பயர் பார்த்துக்கொள்கிறார். லீக் மேட்ச்சில் உனக்கு அந்த வசதி கிடையாது. அம்பயர் முடிவை ரீப்ளேயில் சரிபார்க்கிற டிஆர்எஸ், வெங்கட் காலத்தில் டெஸ்டிலேயே கிடையாது.

1999 உலகக் கோப்பை அரையிறுதி, எட்ஜ்பாஸ்டன். ஆஸ்திரேலியா 213, தென் ஆப்பிரிக்கா 213. கடைசி ஓவரில் க்ளூஸ்னர் ஓடிவிட்டார், டொனால்ட் பேட்டைக் கீழே விட்டுவிட்டு நின்றார், ரன் அவுட், எல்லாம் தலைகீழாகிவிட்டது. அன்றைக்கு நடுவில் நின்றவர்கள் டேவிட் ஷெப்பர்டும் வெங்கட்டும். அந்த ஓவரை இன்றைக்கும் பேசுகிறார்கள், அம்பயர்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. அதுதான் அவர்களுக்குக் கிடைத்த பெரிய சர்டிபிகேட் என்று நான் நினைக்கிறேன்.

எல்லா நாளும் அப்படி அமையாது. குமார் தர்மசேனா 1996ல் இலங்கை உலகக் கோப்பையை ஜெயித்தபோது அணியில் ஆடியவர், 2015 இறுதிப்போட்டியில் அம்பயர். இரண்டையும் செய்த முதல் ஆள் அவர்தான். 2019 இறுதிப்போட்டியில் ஸ்டோக்ஸ் பேட்டில் பட்டு ஓடின பந்துக்கு 5 ரன் கொடுக்க வேண்டிய இடத்தில் 6 கொடுத்தார். பிறகு டிவியில் பார்த்தபோது தவறு தெரிகிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். மைதானத்தில் ரீப்ளே பார்க்கிற வசதி இல்லை, எடுத்த முடிவுக்கு வருந்த மாட்டேன் என்றும் சொன்னார். ஒரு விக்கெட் விழாவிட்டால் அடுத்த ஓவரில் எடுத்துக்கொள்ளலாம் என்று வளர்ந்தவள் நீ. அம்பயருக்கு அடுத்த ஓவர் அந்த மாதிரி வராது. அதற்கு மனசைத் தயார் பண்ணிக்கொள்.

பெண்களை நிற்க விடுவார்களா என்று கேட்டாய். 2023 ஜனவரியில் ரஞ்சி டிராபியில் முதல்முறையாகப் பெண்கள் மைதானத்தில் அம்பயராக நின்றார்கள். மூன்று பேரில் ஒருவரான ஜனனி நம் சென்னைக்காரர், சாஃப்ட்வேர் வேலையில் இருந்து வந்தவர். விருந்தா ரதி மும்பை யுனிவர்சிட்டிக்கு ஆடியவர். மூன்றாவது காயத்ரி வேணுகோபாலன். கதவு திறந்துதான் இருக்கிறது, முட்டி மோதி நீ திறக்க வேண்டியதில்லை.

பரீட்சையை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதே. 2022ல் பிசிசிஐ அகமதாபாத்தில் வைத்த தேர்வில் 140 பேர் எழுதி 3 பேர்தான் தேறினார்கள் என்று செய்தி வந்தது. கேள்விகள் அப்படி. பெவிலியன் நிழல் பிட்ச்சில் விழுகிறது, ஒரு ஃபீல்டரின் நிழலும் விழுகிறது, பேட்டர் புகார் சொல்கிறார், என்ன செய்வாய்? பெவிலியன் நிழலை விட்டுவிடலாம். ஃபீல்டர் அசையாமல் நிற்க வேண்டும், அசைந்தால் டெட் பால், அதாவது அந்தப் பந்து கணக்கில் இல்லை. ஆடின அனுபவத்தை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. சட்டம் மொத்தம் 42, ஒவ்வொன்றையும் உட்பிரிவோடு படி. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே நடக்கிற மேட்ச்சுகளில் போய் நிற்கிறாயா என்று கேட்டுப் பார், பணம் தராவிட்டாலும் நில். பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகும்.

அப்புறம் ஒன்று. உன் முழங்காலை நினைத்தால்தான் எனக்குக் கவலை. பந்து போடும் ஒவ்வொரு முறையும் குனிந்து நிமிர வேண்டியிருக்கும், நாள் முழுக்க நிற்கணும். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது இதைத் தெளிவாகச் சொல்லி, என்ன பயிற்சி செய்யலாம் என்று கேட்டு எனக்கு எழுது. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா