முழு உடல் பரிசோதனை மையங்களுக்கு: இடுப்பையும் அளந்து எழுதுங்கள்

சென்னையில் முழு உடல் பரிசோதனை செய்யும் மருத்துவமனைகளுக்கும் ஆய்வகங்களுக்கும், அலுவலக முகாம்களுக்கு வரும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் தரும் அறிக்கையில், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ என்று ஓர் எண் இருக்கும். பக்கத்தில் ‘நார்மல்’ என்று அச்சாகியிருந்தால் எடையைப் பற்றிய கவலை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் அக்கா கணவருக்குச் சோழிங்கநல்லூரில் வேலை. உயரம் 168 செ.மீ., எடை 69 கிலோ, பிஎம்ஐ 24.4. அலுவலக முகாமில் ‘நார்மல்’ என்று கொடுத்தார்கள். கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் நிற்கும். அதை யாரும் அளக்கவில்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தும், ‘எடைதான் சரியா இருக்கே’ என்று விட்டுவிட்டார். அடுத்த ஆண்டே மாத்திரை. இடுப்பை அளந்திருந்தால் நோயே வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. முன்கூட்டியே அவர் விழித்துக்கொண்டிருப்பார்.

25-க்குக் கீழே நார்மல் என்பது உலகப் பொதுக் கணக்கு. ஆசியர்களுக்கு 23-இலிருந்தே ஆபத்து கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இலேயே சொல்லிவிட்டது. 2009-இல் இந்திய மருத்துவர்கள் கூடி, 23-க்கு மேல் அதிக எடை, 25-க்கு மேல் உடல் பருமன் என்று வகுத்தார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய எல்லையை வைத்து ஏன் அச்சடிக்க வேண்டும்?

எல்லையைத் திருத்தினால் மட்டும் போதாது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் தங்கள் உடலையே எடுத்துக்காட்டாக வைத்தார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்குக்குக் கொழுப்பும் தசையும் ஒன்றுதான். அதனால்தான் துறைமுகத்தில் மூட்டை தூக்கி உரமேறிய உடம்பு ‘பருமன்’ ஆகிவிடுகிறது. வயதாகித் தசை கரைந்து கொழுப்பு ஏறியவர் ‘நார்மல்’ ஆகிவிடுகிறார்.

அப்படியென்றால் கொழுப்புச் சதவீதத்தையே அளக்கலாமே என்பீர்கள். எக்ஸ்ரே கொண்டு எடுக்கும் டெக்ஸா ஸ்கேன் நன்றாகவே அளக்கும், ஆனால் எல்லோருக்கும் எடுக்க முடியாது. ஜிம்களில் ஏறி நிற்கச் சொல்லும் இயந்திரம் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உடலிலுள்ள நீரைக் கொண்டு கொழுப்பை ஊகிக்கிறது. வியர்க்க நடந்துவிட்டு வந்து நின்றால் எண் மாறும். அதைத் தசமப் புள்ளியோடு அச்சடித்துக் கொடுப்பது நேர்மையில்லை.

வயிற்றில் சேர்ந்த கொழுப்பைக் காட்டிக்கொடுக்கும் இடுப்பை அளக்க ஒரு டேப் போதும். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. தயவுசெய்து பேன்ட் சைஸைக் கேட்டு எழுதாதீர்கள். நம்மவர்கள் தொப்பைக்குக் கீழே பெல்ட் போடுகிறவர்கள், 34 என்பார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். பெண்களுக்குத் திரை மறைவில் ஒரு பெண் ஊழியர் அளக்கட்டும். கூட்டமான முகாமில் புடவையோடு நிற்கும் பெண்ணிடம் ஆண் ஊழியர் டேப்பை நீட்டினால் அவர் ‘வேண்டாம்’ என்று நகர்ந்துவிடுவார், அந்தக் கட்டமும் காலியாகவே இருக்கும்.

இது புதிய யோசனையல்ல. தொற்றாநோய்களைக் கண்டறிய வீடு வீடாக நிரப்பப்படும் அரசுப் படிவத்தில் இடுப்பளவுக்குக் கட்டம் இருக்கிறது, மதிப்பெண்ணும் இருக்கிறது. பிஎம்ஐயோடு இடுப்பளவு போன்ற இன்னோர் அளவையும் சேர்த்தே பருமனை உறுதிசெய்ய வேண்டும் என்று 2025-இல் லான்செட் நிபுணர் குழுவும் பரிந்துரைத்தது. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் உங்கள் தொகுப்பில் இது விடுபட எந்தக் காரணமும் இல்லை.

அடுத்த முகாமிலிருந்தே தொடங்குங்கள். பிஎம்ஐ எல்லையை 23 ஆக்குங்கள், இடுப்பளவை அதே வரிசையில் அச்சிடுங்கள். இரண்டில் ஒன்று தாண்டியிருந்தாலும் ‘நார்மல்’ என்று போடாமல், அவரை உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசுங்கள்.

இப்படிக்கு,
பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கும் ஓர் ஊழியர்