அந்தக் கல்லூரியின் பெயரையும் எழுது

அன்புள்ள பாப்பாவுக்கு,

யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) டிரான்ஸ்ஃபர் விண்ணப்பத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "அந்த முதல் காலேஜைப் போடாம விட்டா என்னப்பா? ஒரு செமஸ்டர்தானே?" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். நாலு நாள் யோசித்தாயிற்று. போடு. கல்லூரியின் பெயர், கெமிஸ்ட்ரியில் வாங்கிய டி, கால்குலஸைப் பாதியில் விட்டதற்கு விழுந்த டபிள்யூ, எல்லாவற்றையும் இருந்தபடியே போடு.

விதியும் அதுதான். யூசி விண்ணப்பத்தில், பள்ளி முடித்த பிறகு நீ படித்த ஒவ்வொரு கல்லூரியையும் காட்டியே ஆக வேண்டும். இப்போது நீ நிரப்பும் மார்க்கை நம்பித்தான் படிக்கிறார்கள். டிரான்ஸ்கிரிப்ட், அதாவது கல்லூரி தரும் மார்க் பட்டியல், அனுப்பச் சொல்வது இடம் கொடுத்த பிறகு. ஏதாவது மறைத்திருப்பது தெரிந்தால் கொடுத்த இடத்தையே ரத்து செய்யலாம். ஆனால் விதியைச் சொல்வதற்காக நான் உட்கார்ந்து கடிதம் எழுத வேண்டியதில்லை.

மறைக்க உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான், பாப்பா. 2023 டிசம்பரில் உன்னைக் கூட்டிவர லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தேனே, நினைவிருக்கிறதா? மடியில் அந்த லேப் கண்ணாடியை வைத்துக்கொண்டு வந்தாய். கிரேப்வைன் மலை இறங்கி, கோலிங்கா மாட்டுப்பண்ணை வாடை காருக்குள் வரும்வரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நானாவது பேசியிருக்க வேண்டும். பேசினேன், என்ன சொன்னேன் தெரியுமா? "பெரியப்பா கேட்டா லீவுன்னு சொல்லிடு." அதுதான் என் முதல் வாக்கியம். அப்புறம் நீ சான்டா மோனிக்கா காலேஜில், அந்த இரண்டு வருஷக் கம்யூனிட்டி காலேஜில், சேர்ந்த பிறகும், லிவர்மோர் கோயிலில் யாராவது விசாரித்தால் "எல்.ஏ.ல படிக்கிறா" என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். எந்தக் கல்லூரி என்று ஒருநாளும் சொன்னதில்லை. பக்கத்தில் நின்று நீ கேட்டிருக்கிறாய்.

இந்தப் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பிளஸ் டூ முடித்தது 1990-ல். உனக்கு 1991 என்றுதான் சொல்லியிருக்கிறேன். கட் ஆஃப் வரவில்லை. ஒரு வருஷம் வீட்டில் இருந்து இம்ப்ரூவ்மென்ட் எழுதினேன். அந்த வருஷம் முழுக்க விருதுநகரில் டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போகும்போது, தெப்பக்குளம் பக்கம் போனால் யாராவது "தம்பி என்ன பண்றே?" என்று கேட்பார்கள் என்று சந்து வழியாகச் சுற்றிப் போவேன். முதல் மார்க் ஷீட்டைத் தகரப்பெட்டியில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். உன் அம்மாவுக்கே கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அந்த ஒரு வருஷத்தில்தான் நான் கணக்கை உண்மையாகப் புரிந்து படித்தேன். அதை ஒருவரிடமும் சொல்ல முடியாமலே போய்விட்டது.

போன தீபாவளிக்கு வந்தபோது உன் கெமிஸ்ட்ரி லேப் நோட்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாய். நான் எடுத்துப் பார்த்தேன். நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் டைட்ரேஷன் பக்கத்தில் ஐந்து ரீடிங். இரண்டின்மேல் பேனாவால் ஒரே கோடு, பக்கத்தில் உன் கையெழுத்தில் "நிறம் அதிகமாகிவிட்டது" என்று குறிப்பு. ஏன் சுத்தமாக அடிக்கவில்லை என்று கேட்டேன். "லேப்ல அழிக்கக் கூடாதுப்பா. ஒரே கோடுதான். கீழே என்ன இருந்துச்சுன்னு படிக்க முடியணும்" என்றாய். அதே பாடம்தான், முன்பு டி வாங்கியது. இந்தத் தடவை ஏ.

டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் கட்டாயம் எழுத வேண்டிய அந்த ஒரு கேள்வி, எடுக்கப்போகும் மேஜருக்கு (முக்கியப் பாடத்துக்கு) எப்படித் தயாரானாய் என்பது. நீ அனுப்பிய வரைவில் சின்ன வயதில் பட்டாம்பூச்சி பிடித்த கதை இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உன்னை அதில் காணோம். 350 வார்த்தைதான் இடம். அந்த டைட்ரேஷன் பக்கத்தை எழுது. முதல் தடவை என்ன புரியவில்லை, இரண்டாவது தடவை எதை மாற்றிப் படித்தாய் என்று எழுது. உடம்பும் மனசும் சரியில்லாமல் இருந்ததைக் கூடுதல் விவரம் எழுதும் பெட்டியில் நாலு வரியில் சொன்னால் போதும். யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்குப் போவதைப் பெரியப்பா "பின்வாசல் வழி" என்றாரே, அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. 1960-ல், கிளார்க் கெர் யூசியின் தலைவராக இருந்தபோது போட்ட கலிஃபோர்னியா உயர்கல்வித் திட்டத்திலேயே இந்த வழி இருக்கிறது. பட்டப்படிப்பின் மேல் இரண்டு வருஷத்தில் 60 பேர் என்றால் கீழ் இரண்டு வருஷத்தில் 40 பேர்தான் இருக்க வேண்டும் என்று கணக்கு வைத்தார்கள். கம்யூனிட்டி காலேஜிலிருந்து வருகிறவர்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் அது. யூசியின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகமான யூசிஎல்ஏ எடுக்கும் டிரான்ஸ்ஃபர் மாணவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் உன்னைப் போல வந்தவர்கள்தான். ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டி நீ படித்ததை இனி நான் லிவர்மோரில் யார் கேட்டாலும் பெயரோடு சொல்வேன். போன வெள்ளிக்கிழமை ஒருவரிடம் சொல்லியும் விட்டேன்.

யூசி டேவிஸுக்கு டேக் (தகுதி இருந்தால் இடம் உறுதி என்கிற முன்விண்ணப்பம்) போடுவதைத் தள்ளிப்போடாதே, செப்டம்பர் 30-தான் கடைசி. யூசிஎல்ஏவுக்கு டேக் கிடையாது. பெர்க்லிக்கும் சான் டியேகோவுக்கும்கூட இல்லை. அதனால் டேவிஸ் கையில் இருக்கட்டும், ஆசைப்பட்ட இடத்துக்கு முழுமனதோடு எழுது. வசந்த செமஸ்டரில் 60 யூனிட் நிறைகிறதா என்று கவுன்சிலரிடம் இன்னொரு தடவை உட்கார்ந்து பார். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியின் இரண்டாம் பாதியை வேறு கல்லூரியில் எடுக்க நினைக்காதே, தொடரை ஒரே இடத்தில் முடிப்பதுதான் நல்லது.

அந்த முதல் கல்லூரியின் மார்க் ஷீட்டை நீ குப்பையில் போட்டாய். அன்றைக்கே நான் எடுத்து நீல ஃபைலில் வைத்துவிட்டேன். நேற்று ஸ்கேன் செய்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். அதற்குக் கீழே இன்னொரு பக்கம் இருக்கும், பார். அது விருதுநகர், 1990.

அன்புடன்,
அப்பா