ஒரு மாதுளை முத்து

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய ஆறு அத்தியாயங்களையும் இரண்டு தடவை படித்துவிட்டேன். பாதாள அரசன் ஹேடஸ், பயிர்த் தெய்வம் டிமீட்டரின் மகள் பெர்சிஃபோனியைத் தூக்கிப்போகும் பழைய கிரேக்கக் கதையைக் காதல் நாவலாக்கத் துணிந்துவிட்டாய். நடை உனக்கு நன்றாக வருகிறது. பாதாளத்தில் அவள் முதல் தடவை கண்விழிக்கும்போது 'இருட்டுக்கும் ஓர் ஓசை இருந்தது' என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைத் தொடாதே. ஆனால் நாலாம் அத்தியாயத்தில், மாதுளை வரும் இடத்தில் சறுக்கியிருக்கிறாய். பெர்சிஃபோனி சிரித்துக்கொண்டே, தானாகவே ஆறு முத்துகளை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். கீழே எதையாவது தின்றால் வருஷத்தில் ஒரு பங்கு அங்கேயே இருந்தாக வேண்டும் என்பதுதானே கதையின் விதி. அதோடு கதையின் இறுக்கம் போய்விடுகிறது. ஏன் என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போகிறேன், பொறுமையாகப் படி.

பழைய கிரேக்கக் கவிஞன் ஹோமரின் பெயரில் வழங்கும் டிமீட்டர் துதிப்பாடல்தான் இந்தக் கதைக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய முழு வடிவம். ஏறக்குறைய 495 வரி. முழுப் பாடலும் ஒரே ஒரு கையெழுத்துப் படியில்தான் தப்பிப் பிழைத்தது. 1777-இல் மாஸ்கோவில் கிடைத்த அந்தப் படி இப்போது நெதர்லாந்தின் லைடனில் இருக்கிறது. அதில் ஹேடஸும் பெர்சிஃபோனியும் அருகருகே இருந்து பேசும் காட்சி ஒன்றே ஒன்றுதான். தெய்வங்களின் தூதன் ஹெர்மீஸ் அவளை அழைத்துப்போக வருகிறான். ஹேடஸ் கட்டிலில் இருக்கிறான், பக்கத்தில் அவள், மனமே இல்லாமல், அம்மாவை நினைத்து ஏங்கியபடி. செய்தியைக் கேட்டதும் அவன் புருவத்தால் மட்டும் சிரிக்கிறான். மறுப்பே சொல்லவில்லை. 'அம்மாவிடம் போ, ஆனால் இவ்வளவு கலங்காதே, நான் உனக்குத் தகாத கணவன் இல்லை, இங்கே இருக்கும்போது உயிரோடு நடமாடும் எல்லாவற்றுக்கும் நீ அரசி' என்கிறான். அவள் சந்தோஷத்தில் துள்ளி எழுகிறாள். அப்போதுதான், யாருக்கும் தெரியாமல், தேன்போல இனிக்கும் ஒரு மாதுளை முத்தை அவளுக்குத் தின்னக் கொடுக்கிறான். அவன் கையசைவைச் சொல்லும் கிரேக்கச் சொல்லுக்கே இரண்டு பொருள் சொல்கிறார்கள்: சுற்றுமுற்றும் பார்த்தான் என்று சிலர், முத்தைத் தன்னைச் சுற்றிக் கொண்டுவந்து மந்திரம்போலக் கட்டினான் என்று சிலர்.

இதுவரை பாடகன் சொன்னது. மேலே போனதும் டிமீட்டர் மகளைக் கட்டிக்கொள்கிறாள். கட்டிக்கொண்ட கையோடு ஒரு சந்தேகம். 'கீழே ஏதாவது சாப்பிட்டாயா, மறைக்காமல் சொல்.' மகள், 'உள்ளதை உள்ளபடி சொல்கிறேன் அம்மா' என்று தொடங்கி, அவன் வற்புறுத்தி, விருப்பமில்லாமல் தின்ன வைத்தான் என்கிறாள். பாடகன் 'கொடுத்தான்' என்கிறான், அவள் 'வற்புறுத்தினான்' என்கிறாள். எது நடந்தது? பாடல் சொல்லாமலே விட்டுவிடுகிறது.

கயல், உன் நாவல் முழுக்க அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. அதை நாலாம் அத்தியாயத்திலேயே அடைத்துவிட்டால் மீதி எழுதுவதற்கு என்ன இருக்கிறது? அதனால் இப்படிச் செய்து பார். முத்துக் காட்சியை மூன்று இடத்தில் எழுது. முதலில் ஹேடஸின் பார்வையில், மிக நெருக்கமாக: வெளியே குதிரைகளைப் பூட்டும் சத்தம், அவள் எழுந்துவிட்டாள், அவன் உள்ளங்கையில் ஒரே ஒரு முத்து, அதன் சாறு ரேகைகளில் இறங்குகிறது. கை நீளும் இடத்தில் நிறுத்திவிடு. இரண்டாவது, அவள் அம்மாவிடம் சொல்வது, வசனமாக மட்டும். மூன்றாவது, நாவலின் முக்கால் பங்கில், அவள் தனியாக இருக்கும்போது தனக்குத்தானே ஒப்புக்கொள்வது. ஒரு லட்சம் சொல் என்று திட்டம் போட்டிருந்தால், மூன்றாவது 75,000-ஐத் தாண்டித்தான் வரவேண்டும். அதற்கு முன் வந்தால் வாசகர் இருவரையும் தராசில் போட்டுப் பார்க்கும் வேலை நின்றுபோகும்.

எது உண்மை என்று நீ மட்டும் இப்போதே தீர்மானித்துக்கொள். வற்புறுத்தல்தான் உண்மை என்றால், அதைக் காதலின் வேகம் என்று பூசி மெழுகாதே. அவன் அதற்குப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும், அவள் திரும்பிப் போக ஒரு வழியை அவனே திறந்துவிட வேண்டும். திறந்த கதவின் முன்னால் அவள் நிற்கும்போதுதான் அவள் தேர்வுக்கு மதிப்பு. அவள் விரும்பித்தான் தின்றாள் என்றால், அம்மாவிடம் சொன்ன பொய்யின் பாரத்தை அவள் சுமக்க வேண்டும். இரண்டில் எதை எடுத்தாலும் யாராவது ஒருவர் விலை கொடுக்கிறார். டார்க் ரொமான்ஸ், அதாவது இருண்ட காதல் கதை, என்று பெயர் வைத்துவிட்டு விலையே இல்லாமல் எழுதுவதுதான் இந்த வகையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. கடத்தலும் வற்புறுத்தலும் வரும் கதை என்பதால், முதல் பக்கத்திலேயே உள்ளடக்க எச்சரிக்கை போட்டுவிடு. அவளுக்கு வயது வந்துவிட்டது என்பதும் முதல் அத்தியாயத்திலேயே தெளிவாக இருக்கட்டும். பழைய கதையில் அவன் அவளுக்குச் சித்தப்பா பெரியப்பா முறை, அதாவது அவளுடைய அப்பாவும் தெய்வங்களின் அரசனுமான ஜீயஸின் உடன்பிறந்தவன், டிமீட்டருக்கும் உடன்பிறந்தவன். அதை வைத்துக்கொள்வாயா, மாற்றுவாயா என்பது உன் முடிவு. பேசாமல் தாண்டிப் போனால் மட்டும் கதை தெரிந்த வாசகர் மன்னிக்க மாட்டார்.

முத்துகளின் எண்ணிக்கைக்கு வருகிறேன். நீ ஆறு என்று எழுதியிருப்பது பிற்காலத்தில் பரவிய கணக்கு, ஆறு மாதத்துக்கு ஆறு. துதிப்பாடலில் ஒரே ஒரு முத்து, வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு கீழே. ரோமக் கவிஞன் ஓவிட் 'உருமாற்றங்கள்' ஐந்தாம் புத்தகத்தில் ஏழு முத்து என்கிறான், பாதி வருஷம். அவனே 'ஃபாஸ்தி' என்ற இன்னொரு நூலில் மூன்று என்கிறான். எதை வேண்டுமானாலும் எடு, ஆனால் கணக்கு இடிக்கக் கூடாது. என்னைக் கேட்டால் ஒன்றுதான் பலம். ஆறு தின்றவள் யோசித்துத் தின்றிருக்கிறாள். ஒன்று தின்றவளிடம்தான் 'தெரிந்து தின்றாயா' என்று கேட்க முடியும்.

ஓவிடிடம் இன்னொரு பொறி இருக்கிறது. அங்கே காதல் தெய்வத்தின் அம்பு பட்டுத்தான் அவன் அவளைத் தூக்கிப் போகிறான். அதை எடுத்தால் குற்றம் அம்பின்மேல் போய்விடும், நாயகன் திருந்துவதற்கு ஒன்றும் மிஞ்சாது. விட்டுவிடு.

இனி பாதாளம். நெருப்பும் சித்திரவதையும் நிரம்பிய நரகமாக நீ எழுதியிருப்பது கிரேக்கர்களுடைய இடம் இல்லை. அவர்களுடைய கீழுலகம் பெரும்பாலும் மங்கலும் மறதியும்தான். ஹேடஸ் மரண தேவனும் இல்லை, அது தானட்டோஸ், உறக்கமான ஹிப்னோஸின் சகோதரன். ஹேடஸ் அந்த நாட்டுக்கு அரசன், அவ்வளவுதான். மூன்று சகோதரர்கள் சீட்டுப் போட்டார்கள்: வானம் ஜீயஸுக்கு, கடல் பொசைடனுக்கு, இருள் இவனுக்கு. பூமியும் ஒலிம்பஸும் பொது என்று ஹோமரின் 'இலியட்' 15-ஆம் புத்தகம் சொல்கிறது. சீட்டில் விழுந்த இருட்டை முறைப்படி ஆள்பவன் என்பதே அவனுக்குப் போதுமான சோகம். நீ சேர்த்திருக்கும் சிறுவயதுக் கொடுமைகளில் பாதியை எடுத்துவிடலாம்.

அந்த உலகத்துக்குச் சட்டம் உண்டு. ஐந்தாம் அத்தியாயத்தில் ஹேடஸ் பாதாள ஆறான ஸ்டிக்ஸ்மேல் சத்தியம் செய்துவிட்டு, அடுத்த பக்கத்தில் மீறி, மன்னிப்புக் கேட்கிறான். நடக்காது. இன்னொரு பழைய கிரேக்கக் கவிஞன் ஹெசியட் சொல்லும் தண்டனை இது: ஸ்டிக்ஸ் நீர்மேல் பொய்ச் சத்தியம் செய்த தெய்வம் ஒரு முழு வருஷம் மூச்சும் பேச்சும் இல்லாமல் கட்டிலில் கிடக்கும், அமுதம் கிட்ட வராது. அது தீர்ந்தபின் ஒன்பது வருஷம் தெய்வங்களின் அவைக்கும் விருந்துக்கும் சேர்க்கமாட்டார்கள். பத்தாம் வருஷம்தான் திரும்பலாம். இது உனக்குத் தடையே இல்லை, கதைச் சுரங்கம். சத்தியத்தை மீறினால் அவன் ஒரு வருஷம் பிணம்போலக் கிடப்பான், அதுவரை அரியணை அவளுடையது. உன் இரண்டாம் பாகமே அதில் இருக்கிறது.

உணவு விதியும் அப்படித்தான். ரோம எழுத்தாளன் அப்புலெயஸ் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் எழுதிய, சைக்கி என்ற பெண்ணின் கதையில், கீழே போகிறவளுக்குக் கொடுக்கும் குறிப்புகளைப் பார்: வாயில் இரண்டு காசு, போகும்போது ஒன்று வரும்போது ஒன்று, படகுக்காரனுக்கு. கையில் இரண்டு இனிப்புப் பார்லி அடை, நாய்க்கு. அரசி மெத்தென்ற ஆசனமும் நல்ல விருந்தும் கொடுப்பாள், தரையில் உட்கார், வெறும் ரொட்டி மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடு. அந்த அரசி யார்? பெர்சிஃபோனிதான். ஒரு காலத்தில் உணவால் கட்டப்பட்டவள் பிறகு இன்னொருத்திக்கு இலைபோடும் இடத்தில் இருக்கிறாள். இந்தத் திருப்பத்தை நீ பயன்படுத்தாவிட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சின்னச் சின்னத் திருத்தங்கள். கீழே சூரியன் கிடையாது, மூன்று இடத்தில் 'நீண்ட நிழல்' விழுகிறது, எடுத்துவிடு. பொழுதை எதை வைத்து அளப்பாள் என்று யோசி: படகு எத்தனை தடவை வந்து போகிறது என்று எண்ணலாமே. ரோஜாவுக்குப் பதில், கிரேக்கர்களின் பாதாளத்தில் பூக்கும் அஸ்ஃபோடல் பூ. ஹோமரின் 'ஒடிஸி'யில் பெர்சிஃபோனியின் தோப்பில் உயர்ந்த பாப்லர் மரங்களும், காய் முதிருமுன்னே உதிர்க்கும் வில்லோ மரங்களும் நிற்கும். கனியாத மரங்களின் சொந்தக்காரி என்பதைவிட நல்ல படிமம் கிடைக்காது. ஒரே ஆளைப் புளூட்டோ என்று ஓர் இடத்திலும் ஹேடஸ் என்று இன்னோர் இடத்திலும் எழுதாதே. பாதாளத்தின் காவல் நாய் செர்பரஸைச் செல்ல நாயாக்கிவிட்டாய். ஹெசியட் அதற்கு ஐம்பது தலை கொடுத்திருக்கிறான், பச்சை மாமிசம் தின்னும் நாய் என்கிறான். அதே நாய் உள்ளே வருகிறவர்களிடம் வாலாட்டும், வெளியேறப் பார்ப்பவர்களைத்தான் தின்னும். பயமும் பாசமும் ஒரே நாயிடம் இருக்கிறதே, அதை எழுது.

கடைசியாக டிமீட்டர். மகளைப் பூட்டிவைக்கும் கொடுமைக்காரியாக அவளை எழுதியிருக்கிறாய். இந்த வகை நாவல்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம், காரணமும் புரிகிறது: காதலனை நல்லவனாக்க அம்மாவைக் கெட்டவளாக்குவது சுலபம். பழைய பாட்டில் அவள் ஒன்பது நாள் தீப்பந்தத்தோடு பூமி முழுக்க அலைகிறாள், சாப்பிடவில்லை, குளிக்கவில்லை. கல்யாணத்தைப் பேசி முடித்தது அப்பா, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சூரியன் அவளிடம் சொல்வதைப் பார்: அழாதே, அவன் ஒன்றும் மோசமான மருமகன் இல்லை, பெரிய இடம்தான். பெண்ணைப் பறிகொடுத்தவளிடம் இப்படிச் சொல்வதற்கு எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார். அவள் கோபத்தில் விதை முளைக்காமல் போகிறது, தெய்வங்களுக்குப் படையல் நிற்கிறது, அப்புறம்தான் ஜீயஸ் இறங்கிவருகிறான். கிரீஸில் வெர்ஜினாவில் 1977-இல் தோண்டியெடுத்த கல்லறையின் சுவரில் ஓவியம் இருக்கிறது, கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. தேரில் ஹேடஸ் அவளை இறுக்கிப் பிடித்திருக்கிறான், அவள் இரண்டு கையையும் பின்னால் வீசியிருக்கிறாள். இன்னொரு சுவரில் ஒரு பெண் தனியாகக் கல்மேல் உட்கார்ந்திருக்கிறாள். டிமீட்டர் என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அந்த இரண்டு படங்களையும் தேடி எடுத்து, மேஜைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொண்டு மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்து. இரண்டு பேர்மேலும் வாசகருக்கு மனம் இளக வேண்டும். அப்போதுதான் மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்று பிரித்த பிரிவினை வலிக்கும்.

மற்ற அத்தியாயங்கள் இப்போதைக்கு அப்படியே கிடக்கட்டும். முதலில் நாலாம் அத்தியாயத்தை ஹேடஸின் பார்வையில் மாற்றி, கை நீளும் இடம்வரை எழுதி அனுப்பு. அந்த முத்து அவன் எந்தக் கையில் இருந்தது என்பதையும் எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா