உனக்காக நீயே பேசு, கயல்

அன்புள்ள கயலுக்கு,

போன வாரம் போனில் பேசியபோது, டேட்டிங் ஆப்பில் ஒரு பையனுக்கு அனுப்பும் பதில்களை ஏஐயிடம் கேட்டு வாங்கி எழுதுவதாகச் சொன்னாய். அவன் எழுதுவதும் அப்படித்தான் வருகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றும் சொன்னாய். அதற்குள் யாரோ கதவைத் தட்ட, பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ ஆப்பில் துணை தேடுவதில் எனக்கும் அப்பாவுக்கும் வருத்தம் எதுவும் இல்லை. நீ இருக்கும் அமெரிக்காவில் அதுதானே இப்போது வழக்கம். 2017-இல் அங்கே சந்தித்துச் சேர்ந்த ஆண்-பெண் ஜோடிகளில் சுமார் 39 சதவீதம் இணையத்தில் அறிமுகமானவர்கள் என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ரோசன்ஃபெல்டும் உடன் ஆய்வு செய்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். நண்பர்கள் மூலம் சந்தித்தவர்கள்கூட அதைவிடக் குறைவுதான். இங்கேயும் வரன் தேடுவது மேட்ரிமோனி தளங்களுக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. ஒரே வித்தியாசம், இங்கே பல வீடுகளில் ப்ரொஃபைலைப் பெற்றவர்களே எழுதிப் போட்டுவிடுகிறார்கள்.

அந்த வித்தியாசம் எனக்குப் பெரிய விஷயம். என் கல்யாணத்தைப் பேசியது தாத்தா, பெரிய மாமா, கும்பகோணத்துத் தரகர். நட்சத்திரம் பார்த்தார்கள், குலம் விசாரித்தார்கள், நகை பேசினார்கள். பெண் பார்க்க வந்த அன்று உன் அப்பாவிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு என்ன பிடிக்கும் என்பதைக்கூட மாமாதான் சொன்னார். அப்பா நல்ல மனிதராக அமைந்தது என் அதிர்ஷ்டம். என்னோடு படித்த பெண்கள் எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. உனக்கு வாய்த்திருப்பது அது இல்லை. உன் வாயால் நீ கேட்கலாம், பிடிக்கவில்லை என்றால் நீயே சொல்லலாம். அதைக் கொண்டுபோய் ஒரு மெஷினிடம் கொடுக்கிறாயே என்றுதான் மனசு கேட்கவில்லை.

பம்பிள் என்ற டேட்டிங் ஆப் 2014-இல் வந்தபோது, ஆணும் பெண்ணும் மேட்ச் ஆனால் பெண்தான் முதலில் பேச வேண்டும் என்ற விதியோடு வந்தது. அதை ஆரம்பித்த விட்னி வுல்ஃப் ஹெர்டே 2024 மே மாதம் ஒரு மேடையில் வேறொன்று சொன்னார். வருங்காலத்தில் உன் ஏஐயும் இன்னொருவருடைய ஏஐயும் உங்களுக்குப் பதிலாகப் பழகிப் பார்க்குமாம். நீ இருக்கும் சான் பிரான்சிஸ்கோவையே உதாரணம் காட்டி, ஊர் முழுவதையும் அலசிவிட்டு இந்த மூன்று பேரைப் போய்ப் பார் என்று சொல்லுமாம். படித்தபோது எனக்குத் தரகர் ஞாபகம்தான் வந்தது. ஆனால் தரகரும் மாமாவும் நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் வந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர்கள். மெஷினை யார் கூப்பிட்டுக் கேட்பது?

இன்னொன்றையும் யோசி. தரகருக்குக் கல்யாணம் முடிந்தால்தான் கமிஷன். ஆப்பில் நீ தனியாக இருக்கும் மாதமெல்லாம் சந்தா போகிறது. டிண்டர், ஹிஞ்ச் ஆப்களை நடத்தும் மேட்ச் குரூப் ஆட்களை ஆப்புக்கு அடிமையாக்குகிறது என்று 2024 காதலர் தினத்தன்று உங்கள் ஊர் கோர்ட்டிலேயே சிலர் வழக்குப் போட்டார்கள். கம்பெனி அதை மறுத்தது. வேறு மாதிரியும் நடத்தலாம் என்பதற்கு டோக்கியோ இருக்கிறது. அங்கே நகர அரசே 2024 செப்டம்பரில் ஓர் ஆப் கொண்டுவந்தது. கல்யாணமாகாதவர் என்பதற்கு அத்தாட்சி, வருமானச் சான்று எல்லாம் கொடுக்க வேண்டும். நேர்காணலும் உண்டு. கேட்பதற்குக் கெடுபிடியாக இருக்கிறது, ஆனாலும் எதிரில் இருப்பவர் நிஜமான ஆள் என்ற தைரியம் கிடைக்கும். இனி எல்லா ஆப்பும் இந்தப் பக்கம் வந்தே ஆகும் என்று நினைக்கிறேன்.

ஏன் என்றால், 2024 அக்டோபரில் ஹாங்காங் போலீஸ் 27 பேரைப் பிடித்தது. ஏஐயால் போலி முகம் உண்டாக்கும் டீப்ஃபேக்கில் அழகான பெண்ணாக வீடியோ காலிலேயே வந்து காதல் பேசி, பணம் போட வைத்து ஏமாற்றிய கும்பல். பறிபோனது சுமார் 4.6 கோடி அமெரிக்க டாலர். வங்கியில் இருந்தவரை, யாரோ முகம் தெரியாதவருக்குப் பணம் அனுப்ப அவசரமாக வந்து நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களில் படித்தவர்களும் உண்டு. அதனால் வீடியோவில் முகம் பார்த்துவிட்டேன் என்று நம்பிவிடாதே. சீக்கிரமே நேரில் பார். ஆட்கள் நடமாடும் இடமாக இருக்கட்டும், எங்கே போகிறாய் என்று ரூம்மேட்டுக்குச் சொல்லிவிட்டுப் போ. பண விஷயம் எடுத்தால் பேச்சை அத்தோடு நிறுத்து.

அந்தப் பையனுக்கு அடுத்த பதிலை நீயே எழுது. தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை. இதுவரை அனுப்பியது ஏஐ எழுதித் தந்ததுதான் என்பதையும் சொல்லிவிடு, அவனிடமும் கேள். அவன் என்ன சொல்கிறான் என்பதிலேயே உனக்குப் பாதி தெரிந்துவிடும்.

சித்தி உன் ஜாதகம் கேட்டாள். உன்னைக் கேட்காமல் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அப்பாவும் வீட்டில்தான் இருப்பார்.

அன்புடன்,
அம்மா